இருவருக்கும் ஒரே மாத்திரை

குற்றம் கண்டுபிடிப்பது என் தொழில். சார்மினார் இருக்கும் ஊரில், கச்சிபௌலிப் பகுதியில் ஒரு மென்பொருள் கம்பெனியில், மற்றவர்கள் எழுதித் தரும் புரோகிராமில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிச் சொல்கிற வேலை. பல வருடங்களாக அதையே செய்ததில் வீட்டுக்கு வந்தாலும் கண் சும்மா இருப்பதில்லை. சாம்பாரில் புளி தூக்கல், லிஃப்டில் கீச்சுச் சத்தம், வீட்டுக்காரர் சட்டையில் பட்டன் மாறிப் போட்டது, எல்லாம் உடனே தெரிந்துவிடும். "நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயி கோணிக்குமா?" என்று அவர் கேட்பார். நன்றி சொல்வது எனக்குக் கைவராத வித்தை. இந்த ஒரு விஷயத்தில் சொல்லாமல் விட்டால் நான் மனுஷியே இல்லை என்பதால் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் நாய் சாதாரணத் தெரு நாய். கொண்டாப்பூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் பார்க்கிங்கில் ஒரு மழைக்காலத்தில் வந்து ஒதுங்கிய குட்டி. வீட்டுக்குள் கூடவே கூடாது என்று சொன்னவள் நான். தூக்கிக்கொண்டு மேலே வந்தவர் அவர். மகன் வேலைக்காகப் புனே போன புதிது, வீடு வெறிச்சென்று கிடந்தது. பாப்பா, பாப்பா என்று அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததில், பெயர் வைக்கிற வேலை தள்ளிப்போய்க் கடைசியில் அதுவே நிலைத்துவிட்டது.

பிறகு அவருக்கு மாரடைப்பு வந்தது. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்து, ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அவர் வேலையை விட்டுவிட்டு வீட்டில் சமையலைப் பிடித்துக்கொண்டார். நான் ஆபீஸ் வண்டியில் ஏறிப் போய்விட்டால் பகல் முழுவதும் அவரும் பாப்பாவும்தான். காய் நறுக்கும்போதும் பேசுவார், துணி மடிக்கும்போதும் பேசுவார், எல்லாம் அவளிடம். எனக்குத் தெரியாத ரகசியமெல்லாம் அந்த நாய்க்குத் தெரியும் என்று கேலி செய்வேன். அது எவ்வளவு உண்மை என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லித் தட்டின் சத்தம் கேட்டும் அவள் எழுந்து வரவில்லை. இட்லிக்கு எழாத நாளே அவளுக்குக் கிடையாது. பல்லில் எலும்பு ஏதாவது சிக்கியிருக்கும் என்று உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு வெள்ளையாக இருந்தது. வெளிறிப் போயிருந்தது என்று சொன்னால் போதாது. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளை. பால்கனியில் அவள் போயிருந்த சிறுநீரைப் பார்த்தால் காபி டிகாக்‌ஷன் நிறம்.

கிளினிக்கில் எங்களைப் பார்த்த டாக்டர் வயதில் சின்னவர், தெலுங்குப் பெண். அவர் தெலுங்கும் ஆங்கிலமும் கலந்து பேசியதை நான் தமிழில் சொல்கிறேன். ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு, உண்ணிக் காய்ச்சல் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, எங்களை உட்கார வைத்தார். "கிருமியோட சண்டை போட வேண்டிய உடம்பு, தன்னோட சொந்த ரத்த அணுக்களையே எதிரின்னு நெனச்சு உடைச்சுட்டு இருக்கு" என்றார். வேலியே பயிரை மேய்ந்த கதைதான். அதை அடக்க ஸ்டீராய்டு கொடுக்க வேண்டும், அது வேலை செய்யும் வரை தாக்குப்பிடிக்க வேறு நாயின் ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார். வீட்டுக்காரர் அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ரத்தம் கொடுக்க வந்தது ஒரு லாப்ரடார். சைனிக்புரியிலிருந்து, நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு, அத்தனை டிராஃபிக்கையும் தாண்டி ஒரு பெரியவர் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக்காரன் காலத்திலேயே சிகந்திராபாத்தில் வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம் அவருடையது. பேச்சில் அந்த ஊர் உருது கலந்துவிடும்: கைக்கு என்றால் ஏன், நக்கோ என்றால் வேண்டாம், ஹவ் என்றால் ஆமாம். டாக்டர் கூப்பிட்டுச் சொன்னதும் கிளம்பி வந்துவிட்டார், எங்களை முன்னே பின்னே பார்த்ததுகூட இல்லை. நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்ததைப் பார்த்து, "கைக்கும்மா அழறீங்க? பயம் நக்கோ. இவன் முன்னாடியே ஒரு தடவ குடுத்திருக்கான். குடுத்துட்டு வீட்டுக்கு வந்து ஜம்முனு தூங்கினான்" என்றார்.

எப்படி நன்றி சொல்வது என்று நான் திணறினேன்.

"எனக்குக் கைக்கு? ரத்தம் அவன்தானே குடுக்கிறான், அவன்கிட்ட சொல்லுங்க."

அந்தப் பெரிய தலையைத் தடவி, ரொம்ப நன்றிப்பா என்று சொன்னேன். வாய் கோணிக்கொள்ளவில்லை. அவன் என் துப்பட்டாவை முகர்ந்துவிட்டு பிஸ்கட் இருக்கும் பக்கம் திரும்பிக்கொண்டான். மாலைக்குள் பாப்பாவின் ஈறில் லேசாக ஒரு ரோஸ் நிறம் வந்தது.

மறுநாள் டாக்டர் மருந்துச் சீட்டை விளக்கியபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. ஸ்டீராய்டு சரி, வயிற்றுக்கு ஒரு மாத்திரை சரி. மூன்றாவது, ரத்தம் உறையாமல் இருக்க.

"டாக்டர், அவகிட்ட இருக்கிறதே கொஞ்சூண்டு ரத்தம். அதையும் இளக்கி விடணுமா? இது என்ன வைத்தியம்?" என்று கேட்டேன். ஆபீசில் தப்பைக் கண்டுபிடித்த குரல்.

அவர் கோபப்படவில்லை. "மேடம், காலியா இருக்கிற ரோட்டுல ஒரு லாரி கவுந்தாலும் டிராஃபிக் நிக்கும்தானே? உள்ள அணுக்கள் உடைஞ்சுகிட்டே இருக்கு. உடைஞ்ச துண்டும், உடம்புல இருக்கிற அழற்சியும் சேந்து ரத்தத்தைக் கட்டியாக்கிடும். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போச்சுன்னா நான் பாத்துட்டு நிக்கத்தான் முடியும். இந்த நோயில என் கையில செத்த நாய்ங்க எல்லாம் ரத்தம் குறைஞ்சு மட்டும் சாகல. ரத்தம் கட்டியும் செத்துச்சு. உங்க பாப்பாவுக்கு இப்ப பெரிய பயம் அதுதான்."

வீட்டுக்காரர் சீட்டை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு சிரித்தார், இரண்டு நாளில் முதல் தடவையாக.

"ஏய், இது நான் சாப்பிடுற மாத்திரைடி!"

அதேதான். அவருக்கு முழுசு, அவளுக்கு அவள் எடைக்கு ஏற்ற துண்டு. உங்கள் மாத்திரையிலிருந்து உடைத்துக் கொடுக்கக் கூடாது, அவளுக்குத் தனியாக வாங்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். வெங்காயம், பூண்டு சேர்த்த சாப்பாடு கூடாது, எலும்பு கூடாது, குதிக்க விடக் கூடாது என்றார். வயிற்றுத் தோலில் ஊதா நிறத்தில் திட்டு வருகிறதா, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். கறுப்பாகப் போனால் உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது என்று அர்த்தம், உடனே போன் செய்ய வேண்டும் என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காலை இட்லிக்கு இரண்டு பேஷண்ட்கள். ஃபிரிட்ஜ் பக்கத்தில் அவர் நாற்காலி போட்டு உட்காருவார், அவள் எதிரே உட்காருவாள். முதலில் அவர் தன் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து, நாக்கை நீட்டிக் காட்டுவார். பிறகு அவளுக்கு இட்லிக்குள் ஒளித்துவைத்த துண்டு. அவள் மெல்லுவதே கிடையாது, ஒரே முழுங்கு. ஸ்டீராய்டு தந்த பசியில் தட்டையும் முழுங்கியிருப்பாள். அவருக்கு ஸ்டென்ட் வைத்த புதிதில் மாத்திரையை ஞாபகப்படுத்தி ஞாபகப்படுத்தி என் தொண்டை வறண்டது. இப்போது அவள் சரியான நேரத்துக்குப் போய் அவர் முழங்காலில் தாடையை வைத்துவிடுவதால் எனக்கு அந்த வேலை போயிற்று.

நான் ஆபீசிலிருந்து வந்ததும் அறிக்கை தயாராக இருக்கும். நான் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே, "இன்னைக்கு நல்லா போயிட்டா. நல்ல பழுப்பு, கெட்டியா" என்பார். காபியைக் கீழே வைத்துவிட்டு முறைப்பேன். "டாக்டர்தான பாக்கச் சொன்னாக" என்பார். நடைக்குப் போனால் மட்டும் சீக்கிரமே திரும்பிவிடுவார்கள். பாப்பாவால் நடக்க முடியவில்லை, மூச்சு வாங்குகிறது, பார்க் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டு வந்தோம் என்பார். ரத்தம் ஏறுகிற வரை அப்படித்தான் இருக்கும் என்று நானும் நினைத்தேன்.

ஏறவும் செய்தது. ஒவ்வொரு பரிசோதனையிலும் ரத்த அளவு முந்தையதைவிடக் கூடியிருந்தது. டாக்டர் முகத்தில் சிரிப்பு வந்தது. பிறகு, வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, ஒரு தடவை திடீரென்று இறங்கிவிட்டது. வயிற்று ரோமத்தை விலக்கிப் பார்த்தால் ஊதா நிறத்தில் இரண்டு திட்டுகள்.

டாக்டர் ரத்தத் துளியை மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார். "பழைய நோய் திரும்பின மாதிரி முழுசா தெரியல. வேற ஏதோ அணுக்களைக் கெடுக்குது. சாப்பாட்டுல வெங்காயம், பூண்டு ஏதாவது போச்சா?" என்று கேட்டார்.

"சத்தியமா இல்ல டாக்டர்" என்றார் வீட்டுக்காரர். "அவ சாப்பாட்டுக்குன்னு தனிச் சட்டியே வச்சிருக்கேன்." அது உண்மை. அந்தச் சட்டியில் வேறு கரண்டி பட்டால்கூடச் சண்டைக்கு வருவார். அவர் கண் கலங்கியிருந்தது. நாளைக்கும் இப்படியே இறங்கினால் மறுபடி ரத்தம் ஏற்ற வேண்டும், ஒவ்வொரு தடவையும் உடம்பு ஏற்றுக்கொள்ளும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

மறுநாள் ஆபீசுக்கு லீவு சொன்னேன். எங்கள் தொழிலில் ஒரே ஒரு பாலபாடம் உண்டு. நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்றால், நடுவில் எது மாறியது என்று பார். யார் சொல்வதையும் நம்பாதே, உட்கார்ந்து கண்ணால் பார். நான் சமையலறை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் எழுந்து வந்தார், பல் விளக்கினார், அடுப்பைப் பற்றவைத்தார், சின்னச் சட்டியில் நெய் விட்டுப் பூண்டுப் பல் போட்டு வதக்கினார். இதில் புதிதாக ஒன்றும் இல்லை. நெஞ்சுக்கு நல்லது, பூண்டு ரத்தத்தை இளக்கும் என்று ஊரில் எல்லோரும் சொன்னதால் ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து வெறும் வயிற்றில் அவர் சாப்பிடுவதுதான். அவர் ஒரு பல்லை வாயில் போட்டுக்கொண்டார். இன்னொன்றை விரலால் நசுக்கி, ஊதி ஆறவைத்து, கீழே நீட்டினார். பாப்பா வாலை ஆட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டாள்.

"என்னங்க பண்றீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள்.

"என்னாடி, பூண்டுதான?"

"டாக்டர் அம்புட்டுத் தடவ கேட்டாங்களே, இல்லன்னு சத்தியம் பண்ணீங்களே!"

"சாப்பாட்டுல போட்டீங்களான்னுதான கேட்டாக? சாப்பாட்டுல நான் போடவே இல்லையே. இது மருந்துல்ல?" அவர் உண்மையிலேயே குழம்பிப்போய் நின்றார். "நல்லா தேறி வர்றா, இதையும் சேத்துக் குடுத்தா கட்டி வரவே வராதுன்னு நெனச்சேன். இந்த ரெண்டு வாரமாத்தான் குடுக்குறேன்."

எங்கள் பக்கத்தில் பூண்டை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு, வாய்வுக்குப் பூண்டு, நெஞ்சுக்குப் பூண்டு. தான் உயிர் பிழைத்தது எதனால் என்று அவர் நம்பினாரோ, அதையே அவளுக்கும் ஊட்டியிருக்கிறார். அந்த முகத்தைப் பார்த்ததும் கோபத்தை விட்டுவிட்டு, டாக்டரைக் கூப்பிடப் போனை எடுத்தேன்.

போன் செய்தது அவர்தான். நான் செய்கிறேன் என்றதற்கு, "நான்தான குடுத்தேன், நானே சொல்றேன்" என்றார். ஸ்பீக்கரில் போட்டு, தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் எல்லாவற்றையும் ஒப்புவித்தார். டாக்டர் திட்டுவார் என்று நான் காத்திருந்தேன். திட்டவில்லை.

"சார், சொன்னீங்களே, அதுக்கே நான் சந்தோஷப்படணும். பூண்டும் வெங்காயமும் நாயோட சிவப்பணுவை உடைக்கும், ரத்தத்தையும் இன்னும் இளக்கிவிடும். நல்ல நாய்க்கே ஆகாது. இன்னையோட நிறுத்திடுங்க, நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க, மோஷன் கறுப்பா போகுதா?"

வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளுக்கு இல்ல டாக்டர்" என்றார்.

டாக்டர் மெதுவாகக் கேட்டார். "சார், அப்ப யாருக்கு?"

"எனக்குத்தான். கொஞ்ச நாளா. முருங்கைக்கீரை சாப்பிடுறோம்ல, அதனாலன்னு நெனச்சுக்கிட்டேன்."

டாக்டரின் குரல் மாறிவிட்டது. அவர் என்னிடம்தான் பேசினார். "மேடம், நான் மாட்டு டாக்டர், நாய் டாக்டர். மனுஷங்களுக்கு நான் மருந்து சொல்லக் கூடாது. ஆனா இவர் இதே மாத்திரைதானே சாப்பிடறார்? பாப்பாவை அங்கேயே விடுங்க. இவரை இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. குளிக்கக்கூட வேண்டாம்."

நான் அவர் முகத்தைப் பிடித்து, கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். தினமும் நாயின் உதட்டைத் தூக்கிப் பார்த்த எனக்கு, பக்கத்தில் படுத்திருந்த மனுஷனின் நிறம் தெரிந்திருக்கவில்லை. அதே சுண்ணாம்பு. பார்க் பெஞ்சில் மூச்சு வாங்கியது யாருக்கு என்று அப்போதுதான் புரிந்தது. அவள் நடக்க முடியாமல் உட்காரவில்லை. இவர் உட்கார்ந்ததால் கூட உட்கார்ந்திருக்கிறாள். அந்த ரகசியத்தை அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் புண், அதிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. நெஞ்சுக்கான மாத்திரையோடு, முழங்கால் வலி என்று மெடிக்கல் ஷாப்பில் தானாகவே வாங்கிப் போட்டுக்கொண்ட வலி மாத்திரை, அதற்கு மேல் வெறும் வயிற்றில் பூண்டு. இன்னும் சில நாள் விட்டிருந்தால் அந்த இதயம் தாங்கியிருக்காது என்றார் அங்கிருந்த டாக்டர். யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். எங்கள் நாயின் டாக்டர் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார், ஆனால் சிரிக்கவில்லை. "அவங்களுக்கு என் நமஸ்காரம் சொல்லுங்க" என்றார்.

வீட்டுக்காரருக்கும் ரத்தம் ஏற்றினார்கள். சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தவர், "பாப்பாவுக்குக் குடுத்தது யாருன்னாவது தெரியும். எனக்கு யாரு குடுத்தான்னே தெரியல பாரு" என்றார். அந்தப் பையைக் கொடுத்தது கூகட்பல்லியில் ஒரு கல்லூரிப் பையனோ, சார்மினார் பக்கம் ஒரு கடைக்காரரோ, எந்த மொழி பேசுகிறவரோ. யாராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று மனதார நினைத்தேன். எனக்குத் தெரிந்த சாமிகளிடமெல்லாம் அதையே சொன்னேன்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் பாப்பாவைத் தன் கிளினிக்கிலேயே வைத்துக்கொண்டார் அந்தச் சின்ன டாக்டர். பூண்டு நின்றதும் அவள் ரத்த அளவு மறுபடி ஏறத் தொடங்கியது. அதனால்தான் இறங்கியது என்று அடித்துச் சொல்ல முடியாது, இருந்தாலும் நிறுத்தியது நல்லது என்றார். சைனிக்புரிப் பெரியவர் விஷயம் கேள்விப்பட்டு, லாப்ரடாரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்தார். "ஹவ், ரெண்டு பேரும் தேறிட்டாங்களா? அப்ப சாய் போடுங்கம்மா" என்று சோபாவில் உட்கார்ந்தார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அவரும் என் வீட்டுக்காரரும் பேசிக்கொண்டிருக்க, நான் கேசரி கிண்டினேன். லாப்ரடாருக்கு இரண்டு இட்லி.

மாதங்கள் கழித்து, ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்த பிறகு, ரத்தம் இளக்கும் மாத்திரையும் இனி பாப்பாவுக்கு வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்காரருக்கு அது தொடர்கிறது. வயிற்றுக்குக் காப்பாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. வலி மாத்திரையும் வெறும் வயிற்றுப் பூண்டும் போய்விட்டன.

"அவளுக்கு நிறுத்திட்டாக. எனக்கு எப்ப நிறுத்துவாக?" என்று கேட்டார்.

"நாலு கால்ல நடந்து காட்டுங்க, கேட்டுப் பாக்கலாம்" என்றேன்.

மாத்திரை நின்றது அவளுக்குத் தெரியாது. இப்போதும் காலையில் ஃபிரிட்ஜ் பக்கத்தில் போய் அவர் முழங்காலில் தாடையை வைக்கிறாள். அவர் தன் மாத்திரையை விழுங்கி நாக்கை நீட்டிக் காட்டிவிட்டு, ஒன்றும் ஒளித்து வைக்காத இட்லித் துண்டை அவளுக்குக் கொடுக்கிறார். பிறகு என் முறை. ஆபீஸ் வண்டி வருவதற்குள் குனிந்து அவள் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்ப்பேன். இன்று அதை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது, அவர் வரிசையில் நிற்பவர் மாதிரி பின்னால் வந்து நின்று, தானே விரலால் கீழ் இமையை இழுத்துக் காட்டினார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் அவர் முகத்தைத் திருப்பி, நிதானமாகப் பார்த்தேன். நல்ல சிவப்பு.

"நல்லா இருக்கு" என்றேன்.